வேறு ஏதாவது பெயர் உண்டா

யூதர்களின் மணமுறிவுப் பத்திரமான தள்ளுதற்சீட்டில் பன்னிரண்டு வரிகள் இருக்கும். பதினொன்றாகவும் கூடாது, பதின்மூன்றாகவும் கூடாது. இறகுப் பேனாவால், கறுப்பு மையில், ஓர் எழுத்து அடுத்த எழுத்தைத் தொடாமல் எழுத வேண்டும். தேதி, ஊரின் பெயர், அந்த ஊர் எந்தக் கடலோரம் எந்தக் கிணற்று நீரை நம்பி இருக்கிறது என்ற விவரம், கணவன் பெயர், அவன் தகப்பன் பெயர், மனைவி பெயர், அவள் தகப்பன் பெயர். இன்ன நாளில் இன்னான் இன்னாளை விடுவித்தான், இனி அவள் விரும்பியவரை மணக்கலாம் என்று முடியும். யார் மேல் குற்றம், பிள்ளை யாரிடம், வீடு யாருக்கு என்பதெல்லாம் அதில் வராது.

பெயர் விஷயத்தில் யூத மதகுருக்களான ரப்பிகள் அவ்வளவு கெடுபிடியாக இருப்பதற்குக் காரணம் இதுதான். சீட்டில் ஆளை அடையாளம் காட்ட வேறு எதுவும் கிடையாது. படம் கிடையாது, அடையாள எண் கிடையாது. பெயர் தப்பினால் அந்தச் சீட்டு வேறு யாருக்கோ எழுதியதாகிவிடும். அதை நம்பி அந்தப் பெண் மறுமணம் செய்தால், சட்டப்படி அவள் இன்னும் பழைய கணவனின் மனைவி. அவளுக்குப் பிறக்கும் குழந்தை யூதக் குடும்பம் எதிலும் மணம் செய்ய முடியாது. அந்தத் தடை குழந்தையின் குழந்தைகளுக்கும் தொடரும். அதனால் ஒருவனை எத்தனை பெயரால் கூப்பிடுகிறார்களோ அத்தனையையும் விசாரித்த பிறகுதான் எழுத்தர் இறகை மையில் தோய்ப்பார்.

நான் ரப்பிகள் நீதிமன்றத்தில் பெண்களுக்காக வாதாடுகிறவள். வக்கீல் இல்லை. இதற்கென்று தனிப் படிப்பும் பரீட்சையும் உண்டு. என்னிடம் வருகிற ஒவ்வொருத்திக்கும் முதல் நாளே ஒரு தாளில் இரண்டு கட்டிடங்கள் வரைந்து காட்டுவேன். ஒன்று அரசாங்கத்தின் குடும்ப நீதிமன்றம். இன்னொன்று ரப்பிகளுடையது. பிள்ளை, வீடு, ஜீவனாம்சம் ஆகிய மூன்றையும் எந்தக் கட்டிடத்திலும் கேட்கலாம். யார் முதலில் எங்கே மனுப் போட்டு முத்திரை வாங்குகிறார்களோ அங்கே வழக்கு நடக்கும். (பின்னால் சட்டத்தை மாற்றினார்கள். அந்த வருடங்களில் இப்படித்தான் இருந்தது.) கல்யாணத்தை அவிழ்ப்பது மட்டும் இரண்டாவது கட்டிடத்தில்தான் முடியும். எங்கள் ஊரில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்து போகப் பதினோரு நிமிடம்.

எதேரி என்னிடம் வந்தபோது முதல் கட்டிடத்தில் ஜெயித்துவிட்டு வந்திருந்தாள். முப்பத்து நான்கு வயது, கண்ணாடிக் கடையில் லென்ஸ் அளவெடுத்துத் தேய்க்கிற வேலை. அவளும் அவள் கணவன் ஷோத்தாவும் ஜார்ஜியாவின் குதாய்சி நகரத்திலிருந்து குடியேறிய குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். அவன் துறைமுகத்தில் பளுத்தூக்கி வண்டி ஓட்டுகிறவன். ஒரே பையன், இலாய். குடும்ப நீதிமன்றம் திறப்பதற்கு முன்பே வாசலில் நின்று முதல் ஆளாக மனுப் போட்டாள். பையன் ஆறு வயது வரை தாயிடம், அதன்பின் மறுபரிசீலனை என்று தீர்ப்பும் வாங்கிவிட்டாள்.

தீர்ப்புக் காகிதத்தை என் மேசையில் விரித்து வைத்தாள்.

"புள்ள எங்கிட்டன்னு கோர்ட்டே சொல்லியாச்சு. பின்ன இவன் கையெழுத்து எதுக்கு?"

"கையெழுத்து இல்ல எதேரி. சீட்டுல புருஷன் கையெழுத்தே போடறதில்ல. ரெண்டு சாட்சிங்கதான் போடுவாங்க."

"அப்ப இவன் எதுக்கு?"

"அவர்தான் எழுதச் சொல்லணும். அவர் கையாலதான் உங்க கையில போடணும். சொந்த மனசோட."

"அவன் மனசு எங்க இருக்குன்னு தேட மொதல்ல ஒரு மனுப் போடலாமா, திர்ட்சா?"

ஏன் பிரிகிறாள் என்று கேட்டேன். சொல்ல அவளுக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. அடி உதை எதுவும் இல்லை. ஷோத்தா நிமிடங்களை எண்ணுகிறவன். கடைக்குப் போக ஏழு, வர ஏழு, வாங்கப் பத்து. இருபத்தைந்தாவது நிமிடம் போன் வரும். எடுக்காவிட்டால் கடைக்காரருக்கு வரும். அவள் குளிக்கிற நேரம், தூங்குகிற நேரம், தன் தங்கையிடம் பேசுகிற நேரம் எல்லாம் அவனிடம் கணக்கு உண்டு. "ஒரு நாள் சும்மா பெஞ்சுல உட்கார்ந்தேன். ஒண்ணும் செய்யல, கடலப் பார்த்தேன். அதுக்கு மூணு வாரம் எங்கிட்ட பேசல. இத ரப்பிகிட்ட எப்படிச் சொல்றது? கடலப் பார்த்தேன்னா?"

இரண்டு வருடம் அவன் சீட்டுத் தர மறுத்தான். அவளும் சளைக்கவில்லை. சீட்டைத் தராமல் என் வாழ்க்கையைக் கட்டிப்போட்டு வைத்திருக்கிறான், அதற்கு நஷ்ட ஈடு வேண்டும் என்று குடும்ப நீதிமன்றத்தில் இன்னொரு வழக்குப் போட்டாள். அது ஜெயிக்கக்கூடிய வழக்கு. சிக்கல் எங்கே என்றால், மிரட்டி வாங்கிய சீட்டு செல்லாது. தலைக்கு மேல் நஷ்ட ஈட்டு வழக்குத் தொங்கும்போது ஒருவன் "சொந்த மனதோடு தருகிறேன்" என்றால், அது பயத்தில் வந்த மனதா, சொந்த மனதா? அந்தச் சந்தேகம் இருக்கும்வரை ரப்பிகள் சீட்டு எழுத உட்கார மாட்டார்கள். முதல் கட்டிடத்தில் அவள் எவ்வளவு பலமாக நின்றாளோ, இரண்டாவது கட்டிடத்தில் அவ்வளவு தூரம் பின்னால் போனாள். இதை அவளுக்குத் தாளில் அம்புக்குறி போட்டு விளக்கினேன். நன்றாகவே விளக்கினேன். அவள் தாளைத் திருப்பிப் பார்த்தாள்.

"பின்பக்கம் ஏதாச்சும் வழி வரைஞ்சிருக்கீங்களான்னு பார்த்தேன்" என்றாள்.

கடைசியில் ஷோத்தாவுக்கும் அலுத்துப்போனது. ஒப்பந்தம் பேசினோம். அவள் நஷ்ட ஈட்டு வழக்கை வாபஸ் வாங்க வேண்டும், வீட்டில் தன் பங்கை விட்டுவிட வேண்டும். பையன் அவளிடமே, ஆறு வயதுக்குப் பிறகும். எதேரி மற்ற எல்லாவற்றுக்கும் படிக்காமலே தலையசைத்தாள். "புள்ள எங்கிட்ட" என்ற வரியை மட்டும் மூன்று முறை படித்தாள். வழக்கை வாபஸ் வாங்குவது சீட்டுக்கு முன்னால் நடக்க வேண்டும். ஒப்பந்தமோ சீட்டுக் கொடுத்த பிறகுதான் உயிர்பெறும். நடுவே ஒரு வாரம் அவள் கையில் எதுவும் இல்லாமல் நிற்பாள். அதையும் சொன்னேன். ஒரு வாரம்தானே என்றாள்.

ஹனுக்கா விளக்குப் பண்டிகைக்கு முந்தின வாரம் நாள் குறித்தார்கள். முந்தின நாள் அவளை உட்கார வைத்து ஒத்திகை பார்த்தேன். மோதிரம் போடக் கூடாது. இரண்டு கைகளையும் கிண்ணம் மாதிரி குவித்து நீட்ட வேண்டும். அவன் மேலிருந்து போடுவான், நீங்களாகப் பறிக்கக் கூடாது. விழுந்ததும் கையை மூடி, சீட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு சில அடி நடக்க வேண்டும். அப்போதுதான் அது உங்கள் கைக்கு வந்ததாக அர்த்தம்.

"பேர் கேப்பாங்க. எதையும் மறைக்காதீங்க. வீட்டுச் செல்லப் பேர், பட்டாளத்துல வச்ச பேர், கிண்டல் பேர், எது தெரிஞ்சாலும் சொல்லிடுங்க. பின்னாடி யாரும் இந்தச் சீட்டு செல்லாதுன்னு வாய் திறக்கக் கூடாது."

சரி என்றாள்.

மூன்று நீதிபதிகள் உட்கார்ந்திருந்தார்கள். தலைமை ரப்பி எல்காயாம், மெதுவாகப் பேசுகிறவர், எப்போதும் சளி பிடித்தவர். எழுத்தர் தாளில் பன்னிரண்டு கோடுகளும் இழுத்து முடித்து, இறகின் முனையைச் சீவிக்கொண்டிருந்தார். தாளும் மையும் இறகும் அவருடையவை. சீட்டு கணவனின் பொருளால் எழுதப்பட வேண்டும் என்பதற்காக மூன்றையும் ஷோத்தாவுக்குத் தானமாகக் கொடுப்பார். அவன் வாங்கிக்கொண்டு, "எனக்காக எழுதுங்கள்" என்று அவரிடமே திருப்பித் தருவான். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காரியம் அது. அதற்கு முன்னால் பெயர் விசாரணை.

"ஆலயத்துல தோரா வேதம் வாசிக்கக் கூப்பிடும்போது உன்னை என்ன பேர் சொல்லிக் கூப்பிடறாங்க?"

"ஷப்தாய், மொர்தெகாய் மகன்."

"வெளியில?"

"ஷோத்தா."

"வேறு ஏதாவது பெயர் உண்டா?"

"இல்ல ரப்பி."

சாட்சிக்கு வந்த அவன் அண்ணன் தெங்கிஸும் இல்லை என்றான். "துறைமுகத்துல கரடின்னு கூப்பிடுவாங்க. அது எங்க எல்லாரையுமே அப்படித்தான் கூப்பிடுவாங்க." எழுத்தர் சிரித்தார். கரடியை எழுத வேண்டாம் என்று ரப்பி சொன்னார்.

பிறகு எதேரி பக்கம் திரும்பினார். "உங்களுக்குத் தெரிஞ்சு வேற பேர் இருக்கா அம்மா?"

எதேரி என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். சொல்லுங்கள் என்றுதான் அசைத்தேன்.

"ஒண்ணு இருக்கு" என்றாள். "ஹயீம்."

ஹயீம் என்றால் உயிர்.

ஷோத்தா நாற்காலியில் திரும்பினான். "எது?"

அவள் ரப்பியிடமே சொன்னாள். இலாய் நாலு மாதக் குழந்தையாக இருந்தபோது ஷோத்தாவுக்கு மூளைக் காய்ச்சல் வந்தது. ஆறாவது நாள் மருத்துவர்கள் அவளைத் தனியாக அழைத்து, வீட்டாருக்குச் சொல்லி அனுப்பச் சொன்னார்கள். அவள் சொல்லி அனுப்பவில்லை. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு சின்ன ஜெப ஆலயம் இருந்தது. அங்கே ஓடி, அதைப் பார்த்துக்கொண்ட பெரியவரிடம் கேட்டாள். அவர் பத்துப் பேரைத் திரட்டி, வேதச்சுருள் பேழையைத் திறந்து, நோயாளியின் பெயரை மாற்றுகிற ஜெபத்தைச் சொன்னார். இனி இவன் ஷப்தாய் இல்லை, ஷப்தாய் ஹயீம். ஷப்தாய் மேல் கடவுள் ஏதாவது தீர்ப்பு எழுதியிருந்தால் அது இவனைச் சேராது. ஒன்பதாவது நாள் அவன் கண் திறந்தான்.

ரப்பி கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்தார்.

"எனக்கு ஏன் சொல்லல?" என்றான் ஷோத்தா.

"உங்கம்மா தன்னோட நேர்த்திக்கடன்லதான் நீ பிழைச்சன்னு ஊர் பூரா சொல்லிட்டிருந்தாங்க. அவங்களோட போட்டி போட எனக்கு நேரமில்ல, கையில பால் குடிக்கிற புள்ள."

ரப்பி எல்காயாம் மற்ற இருவரோடு தணிந்த குரலில் பேசினார். எனக்குக் கேட்டது, புரியவும் செய்தது. நோயில் வைத்த பெயர், ஆள் பிழைத்து, முப்பது நாள் அந்தப் பெயரில் கூப்பிடப்பட்டிருந்தால், அது அவன் பெயர்தான். சீட்டில் வர வேண்டும். யாரும் கூப்பிடவில்லை என்றால் வர வேண்டியதில்லை. அந்தச் சின்ன ஆலயத்தில் அவனுக்காக நன்றி ஜெபம் சொல்லும்போது எந்தப் பெயரைச் சொன்னார்கள்? எதேரிக்குத் தெரியாது. பெரியவர் இறந்துவிட்டார். ஆலயத்தை இடித்து வாகன நிறுத்தம் கட்டிவிட்டார்கள். ஆக, ஒரு சந்தேகம். சந்தேகத்தோடு எழுதக் கூடாது. எருசலேமில் பெயர் விஷயங்களுக்கென்றே ஒரு பெரியவர் இருக்கிறார், அவருக்கு எழுதிக் கேட்கலாம். ஆறு வாரம்.

எழுத்தர் மைக்கூட்டை மூடினார்.

வெளியே வராந்தாவில் எதேரி என் கையைப் பிடித்தாள்.

"தப்பாச் சொல்லிட்டேனா?"

"இல்ல. சரியாத்தான் சொன்னீங்க. ஆறு வாரம்தானே."

ஆறு வாரம்தானே என்று சொன்னது நான்தான்.

இரண்டாவது வாரம் அவளிடமிருந்து போன் வந்தது. ஓய்வுநாளான சனிக்கிழமைக்கு அப்பா வீட்டுக்குப் போன இலாய் திரும்பி வந்து, "அப்பா பேர் இப்ப ஹயீம்" என்றானாம். துறைமுகத்தில் சொல்லிவிட்டான், அண்ணன் வீட்டில் சொல்லிவிட்டான், ஓய்வுநாள் காலையில் தோரா வாசிக்க அழைக்கும்போது ஷப்தாய் ஹயீம் என்றே அழைக்கச் சொல்லிவிட்டான்.

"வாசல்ல வந்து நிக்கறான் திர்ட்சா. கத்தல, திட்டல. கச்சாபுரி ரொட்டி வாங்கிட்டு வந்து சூடா இருக்கு சாப்பிடுங்கறான். போறப்ப கதவுக்குத் துரு எடுத்து எண்ணெய் போட்டுட்டுப் போறான். கத்தினா எனக்குப் பதில் இருக்கு. இதுக்கு என்ன பதில்?"

"என்ன கேக்கறார்?"

"என்னை உயிரோட கொண்டு வந்தவள நான் எப்படித் தள்ளுவேன்கறான். அழறான். நெஜமாவே அழறான்."

அந்தப் பெயரைப் பற்றி அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. எருசலேமிலிருந்து வரப்போகிற பதிலைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன்.

பதில் பிப்ரவரி முதல் வாரம் வந்தது. நல்ல மழை நாள். நீதிமன்றத்து வராந்தாவில் எல்லோருடைய குடைகளும் வாளியில் நின்று தண்ணீர் வடித்துக்கொண்டிருந்தன. ரப்பி எல்காயாம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். நாலே வரி. நோயில் வைக்கப்பட்டு, யாராலும் கூப்பிடப்படாத பெயர், பெயராக நிலைபெறவில்லை. சீட்டில் எழுதத் தேவையில்லை.

அதாவது டிசம்பரில் அவள் வாயைத் திறக்காமல் இருந்திருந்தாலும் அந்தச் சீட்டு குறையில்லாத சீட்டுத்தான். எதேரிக்கு இதை நான் காதோடு சொன்னேன். அவள் சத்தமில்லாமல் சிரித்தாள், தோள் குலுங்கியது. எனக்கும் சந்தோஷம்தான். எழுத்தர் அன்றும் கோடு போட்ட தாளோடு வந்திருந்தார்.

ஷோத்தா எழுந்து நின்றான். சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டிருந்தான்.

"ரப்பி, ஒரு விஷயம். இப்ப எல்லாரும் அப்படித்தான் கூப்பிடறாங்க."

"எப்படி?"

"ஹயீம்னு. ஏழு ஓய்வுநாள் ஆச்சு. வேலையிலயும் அடையாள அட்டைய மாத்திக் குடுத்துட்டாங்க." சட்டைப் பையிலிருந்து துறைமுக அட்டையை எடுத்து மேசையில் வைத்தான்.

முப்பது நாள் தாண்டிவிட்டது. பதில் சரியான பதில்தான், ஆனால் அது டிசம்பரில் இருந்த ஷோத்தாவுக்கு. இப்போது நிற்கிற ஆளுக்கு அந்தப் பெயர் நிலைபெற்றுவிட்டது. எந்தப் பெயர் முன்னால் வர வேண்டும், எது பின்னால் வர வேண்டும் என்று மறுபடியும் கேட்டு எழுத வேண்டும். வேண்டுமென்றே செய்தானா என்று அவன் முகத்தைப் பார்த்தேன். தந்திரம் தெரிந்தால் எனக்கு வேலை சுலபம். தந்திரக்காரனை மடக்க நாலைந்து வழி தெரியும். அவன் முகத்தில் அப்படி எதுவும் இல்லை.

"ஆனா அது முக்கியமில்ல ரப்பி. நான் சீட்டுக் கொடுக்க வரல. எனக்கு என் வீடு வேணும். இவ வேணும், புள்ள வேணும். குடும்பத்துல சமாதானம் கேட்டு மனு கொண்டு வந்திருக்கேன்." உறையை வைத்தான். "இவ வரமாட்டேன்னா, ஏப்ரல்ல பையனுக்கு ஆறு முடியுது. ஆறு வயசுப் பையன் தகப்பன் பக்கத்துல உட்கார்ந்து வாசிக்கப் பழகணும். அதையும் நீங்களே கேளுங்க."

நான் எழுந்தேன். ஒப்பந்தம் இருக்கிறது, பையன் தாயிடம் என்று எழுதியிருக்கிறது என்றேன். அது சீட்டுக் கொடுத்த பிறகு நடப்புக்கு வருகிற ஒப்பந்தம் என்று அவனோடு வந்திருந்த வக்கீல் சொன்னார். அது உண்மை. பையனைப் பற்றிக் குடும்ப நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது என்றேன். ஆறு வயது வரை என்றார். அதுவும் உண்மை. இருவரும் சம்மதித்தால்தான் பையன் விஷயத்தை இங்கே கேட்க முடியும் என்றேன். அதை மட்டும் ரப்பி ஏற்றுக்கொண்டார். "அதை அங்கேயே கேட்கட்டும்" என்றார். அங்கே ஏப்ரலில் சமூக நல அலுவலர் புதிதாக ஒரு அறிக்கை தருவார். வீடு திரும்பக் கூப்பிடுகிற தகப்பன், வர மறுக்கிற தாய் என்று அதில் இருக்கும். அதை யாரும் சொல்லத் தேவைப்படவில்லை.

ரப்பி எதேரியைப் பார்த்தார். "இவர் சொல்றத யோசிக்கலாம் இல்லையா அம்மா? நீங்கதானே இவருக்காக ஓடினீங்க."

"ஓடினேன் ரப்பி. இவர் சாகக் கூடாதுன்னு கேட்டேன். இவரோட வாழணும்னு கேக்கல."

"புரியுது."

"புரிஞ்சா எழுதுங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றி, கைக்குட்டையால் துடைத்தார். அவரை எனக்கு இருபது வருடமாகத் தெரியும். கல் நெஞ்சுக்காரர் இல்லை.

"நான் என்னன்னு எழுத, நீங்களே சொல்லுங்க. கணவனைக் கட்டாயப்படுத்தணும்னா காரணம் வேணும். அடிச்சாரா? இல்லங்கறீங்க. செலவுக்குத் தரலையா? தர்றார். வேற பொண்ணா? இல்ல. விட்டுட்டுப் போனாரா? வாசல்ல நிக்கறார்."

"மணி பார்ப்பார் ரப்பி."

"இனிமே பார்க்கமாட்டேன்" என்றான் ஷோத்தா. கையை உயர்த்திக் காட்டினான். கடிகாரம் கட்டியிருக்கவில்லை.

ரப்பி தொண்ணூறு நாள் தவணை கொடுத்தார். அதற்குள் ஓர் ஆலோசகரிடம் இருவரும் சேர்ந்து நாலு முறை போக வேண்டும். சீட்டு பற்றிய விசாரணை அதன் பிறகு. எந்தத் தரப்பு போக மறுக்கிறதோ அது பதிவாகும். குமாஸ்தா தேதியைத் தட்டச்சு செய்து மூன்று பிரதி எடுத்தார். எதேரி கையெழுத்துப் போடும் இடத்தில் என் விரலை வைத்துக் காட்டினேன்.

வெளியே மழை சாய்ந்து அடித்துக்கொண்டிருந்தது. பஸ் நிறுத்தத்தில் நாங்கள் இருவர் மட்டும். மணி ஒன்று ஐந்து. இலாயின் மழலையர் பள்ளி ஒன்றரைக்கு மூடும். எதேரி ஏற்கெனவே இரண்டு முறை தாமதமாகப் போயிருக்கிறாள். சமூக நல அலுவலர் கேட்டுக்கொண்டதால் ஆசிரியை ஒரு நோட்டில் யார் கொண்டுவந்து விடுகிறார்கள், யார் எத்தனை மணிக்குக் கூட்டிப்போகிறார்கள் என்று குறித்து வைக்கிறார். மூன்றாவது முறை வேண்டாம்.

"மேல்முறையீடு?" என்றாள்.

"எருசலேம்ல பண்ணலாம். எட்டு மாசம், பத்து மாசம் ஆகும்."

"நஷ்ட ஈட்டு வழக்க மறுபடி போட்டா?"

"போடலாம். போட்டா இவங்க சீட்டு எழுத உட்காரமாட்டாங்க."

"வேற?"

நான் எப்போதும் அடுத்த வழியைச் சொல்லத் தொடங்குவேன், அப்படியே வாயைத் திறந்தேன். பஸ் வருகிறதா என்று பார்க்கிற மாதிரித் திரும்பிக்கொண்டேன்.

ஷோத்தாவின் கார் வந்து நின்றது. ஜன்னல் கண்ணாடியை இறக்கினான்.

"ஏறுங்க, ரெண்டு பேரும். இந்த மழையில பஸ் எங்கயோ மாட்டியிருக்கும்."

எதேரி அசையவில்லை. "ஏறினா என்ன, ஏறாட்டி என்ன?" என்று என்னிடம் கேட்டாள், அவனுக்குக் கேட்காத குரலில்.

"தனியா ஏறாதீங்க. தனியா இருந்தாங்க, சமாதானம் ஆச்சுன்னு நாளைக்குக் கோர்ட்டுல சொல்லிடுவாங்க. மூணாவது ஆள் இருந்தா அது தனிமை ஆகாது."

"அப்ப நீங்களும் வாங்க."

நான் முன்சீட்டில் ஏறினேன். அவள் பின்னால், பையனுக்கான குட்டி இருக்கைக்குப் பக்கத்தில். ஷோத்தா ஹீட்டரைக் கூட்டினான். சூடு போதுமா என்று கேட்டான். சிவப்பு விளக்கில் நின்றபோது, "உங்க மேல எனக்குக் கோபம் இல்ல திர்ட்சா" என்றான். "அன்னைக்கு நீங்கதான் அவளச் சொல்லச் சொன்னீங்களாம். இல்லன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காது." அவன் நன்றியோடுதான் சொன்னான்.

பள்ளி வாசலில் நிறுத்தினான். எதேரி பின்கதவுக் கைப்பிடியை இழுத்தாள். திறக்கவில்லை. மறுபடி இழுத்தாள்.

"குழந்தைப் பூட்டு" என்றான். "இலாய்க்காகப் போட்டது. உள்ளேருந்து திறக்காது." குடையை விரித்துக்கொண்டு சுற்றி வந்து, வெளியிலிருந்து திறந்து, அவள் தலைக்கு மேல் குடையைப் பிடித்தான்.

அப்படியே இருவரும் ஒரு குடைக்கடியில் வாசல் வரை நடந்தார்கள். நான் என் குடையில் பின்னால் போனேன். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நின்றிருந்த இலாய் அவர்களைப் பார்த்தான். முதலில் நம்பவில்லை. பிறகு பையைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து இருவரின் கால்களையும் சேர்த்துக் கட்டிக்கொண்டான். அவன் கைகளுக்கு நாலு கால்கள் அடங்கவில்லை.

"அம்மா" என்றாள் எதேரி. ஜார்ஜியாக் குடும்பங்களில் தாய் தன் பிள்ளையையே அப்படித்தான் கூப்பிடுவாள். "அம்மா, கோட்டு போட்டுக்கோ."

ஆசிரியை சின்ன வயதுப் பெண். முகமெல்லாம் சிரிப்பாக நோட்டை எடுத்துக் குறித்தாள். எதிர்ப்பக்கத்திலிருந்து தலைகீழாக வாசிக்க எனக்குப் பழக்கம் உண்டு. ஒன்று இருபத்தாறு. தாயும் தகப்பனும் சேர்ந்து வந்தார்கள். குழந்தைக்கு மிகுந்த மகிழ்ச்சி.

"நானும் கார்ல கூட வந்தேன்" என்றேன். "அதையும் எழுதிடுங்க, தயவுசெய்து. திர்ட்சா, மூன்றாம் நபர்."

அவள் நோட்டைத் திருப்பிக் காட்டினாள். தாய், தகப்பன், தாத்தா பாட்டி, அனுமதி பெற்றவர். "நீங்க இதுல எது?"

நான் எதிலும் இல்லை.

"நாம எல்லாரும் அப்பா கார்லயா போறோம்?" இலாய் கேட்டான்.

எதேரி மழையைப் பார்த்தாள், சாலையைப் பார்த்தாள். எங்கள் பஸ் இன்னும் வரவில்லை.

"ஆமா" என்றாள். "மழைல்ல."

பையனை இருக்கையில் உட்காரவைத்து வாரைக் கட்டிவிட்டு, அவன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். நான் முன்னால் உட்கார்ந்து பின்னால் திரும்பினேன். அவள் இரண்டு கைகளையும் மடியில் வைத்திருந்தாள். ஷோத்தா வெளியே நின்று அவள் கோட்டு நுனி மாட்டிக்கொள்ளாமல் உள்ளே எடுத்துவிட்டு, கதவைச் சாத்தினான். மெதுவாகத்தான் சாத்தினான்.